போனது திரும்பி வரவேணும்

அவள் எதையும் ஒரு திசையில் மட்டும் மாற்றிவிட்டு எழுந்ததில்லை. செர்பிய மொழியில் இருக்கும் ஒரு பக்கத்தை லத்தீன் எழுத்திலிருந்து, ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துக்கு மாற்றினாள் என்றால், மாற்றிய கையோடு அதைச் சிரிலிக்கிலிருந்து லத்தீனுக்குத் திருப்பி மாற்றுவாள். முதலில் இருந்ததையும் திரும்பி வந்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பாள். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

“போனது திரும்பி வரவேணும். வராட்டில் வழியிலை எதையோ துலைச்சிட்டம்” என்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்காவது ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிடுவேன், அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசலில், ட்ராம் பாதை வளைகிற ஒரு மூலையில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் சின்னச் சின்னத் துண்டறிக்கைகளைப் பல மொழிகளில் தயாரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் என்ன சாப்பிடக் கூடாது, குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும், இப்படி. அல்பேனியம், துருக்கி, செர்பியம், தமிழ் என்று போகும். இதில் செர்பியத்தை இரண்டு எழுத்திலும் எழுதுவார்கள். சிலர் லத்தீனில் கேட்பார்கள், சிலர் சிரிலிக்கில். தமிழில் வேறு தொல்லை. இருபது வருடக் கோப்புகள் பழைய எழுத்துருவில் தட்டியவை. பார்க்கத் தமிழாகத் தெரியும், உள்ளே கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓர் அச்சகம் மட்டும் பழைய எழுத்துருவில்தான் அச்சடிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தது. அவர்களுக்காகத் திரும்பவும் பழையதற்கே மாற்ற வேண்டும்.

இந்தப் போக்குவரத்தையெல்லாம் செய்துகொண்டிருந்தது பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல். பெர்லில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்குவதற்கென்றே சுருக்கமான கட்டளைகள் உண்டு. பார்த்தால் யாரோ கோபத்தில் விசைப்பலகையைக் குத்தியது போலிருக்கும். அந்த நிரலை எழுதியவள் அவள். அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுவதற்காக வேலைக்குச் சேர்க்கப்பட்டவள் நான்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எம்.இ. படித்து எட்டு வருடம் வேலை பார்த்தவள். கணவருக்கு இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்ததால் அதை விட்டுவிட்டு வந்தேன். வந்து ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். காலையில் ஜெர்மன் வகுப்பு, மதியம் அடுக்குமாடிக்குப் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு எங்கள் முறை எப்போது என்று கீழே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்ப்பது, சாயங்காலம் கணவர் அவருடைய அலுவலகக் கதையைச் சொல்லக் கேட்பது. அதனால் இந்த வேலை கிடைத்தபோது, மூன்று மாதத் தகுதிகாண் காலம் என்று கடிதத்தில் இருந்த வரியை நான் பலமுறை படித்தேன். அதில் தேறாவிட்டால் மறுபடியும் அந்த அட்டவணைதான்.

முதல் நாள் அவளை “அக்கா” என்று கூப்பிட்டேன். சுவிஸ் அலுவலகத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியும். ஆனாலும் தமிழில் பேசும்போது வெறும் பெயர் வாயில் வரவில்லை.

“எனக்கு முப்பத்தாறு. உங்களுக்கு?” என்றாள்.

“முப்பத்தெட்டு.”

“அப்ப நான்தான் உங்களை அக்கா எண்டு கூப்பிடவேணும். வேண்டாம், பேரைச் சொல்லுவம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒரு கணக்கைச் சரிசெய்த நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

அவள் ஆறு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து அகதியாக வந்து, பக்கத்து ஊரான ஆராவில் வளர்ந்தவள். பள்ளி முடித்து அச்சு வடிவமைப்பில் தொழிற்பயிற்சி எடுத்தாள். பல்கலைக்கழகம் போகவில்லை. பெர்லை, வேலையிடத்தில் ஓய்வுபெற இருந்த ஒருவரிடமிருந்து மதிய இடைவேளைகளில் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். தமிழைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். அப்படிப்பட்டவள், கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த நான் எழுதிய மின்னஞ்சலில் ஒற்றுப்பிழை கண்டாள். “இதிலை ‘க்’ வரவேணும், என்ன?” என்று கேட்டாள். கேள்வி மாதிரித்தான் கேட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இலக்கணப் பாடத்தைத் தேடிப் பார்த்தேன். வரவேணும்தான்.

இயக்குநர் என்று எங்களுக்கு ஒரு சுவிஸ்காரம்மா. கூட்டங்களில் நான் ஜெர்மனில் பேச ஆரம்பித்தால், வினைச்சொல் கடைசியில் வருவதற்குள் யாராவது ஒருவர் என் வாக்கியத்தை அன்போடு முடித்துவைத்துவிடுவார். அவளோ அந்த அம்மாவிடம் சுவிஸ் ஜெர்மனில் எதையோ சொல்லிச் சிரிக்க வைப்பாள். அதே நேரம் கைப்பேசி அடிக்கும். “ஓம் அம்மா, பின்னேரம் வாறன், புட்டு அவிச்சு வையுங்கோ” என்பாள். வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெர்மன் வாக்கியத்தைத் தொடருவாள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவள் முகம் மாறுவதே இல்லை. என் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். ஜெர்மன் பேசும்போது எனக்கு நெற்றி சுருங்கும்.

செர்பியப் பக்கங்களைச் சரிபார்க்க ஒரு பெரியவர் வாரம் ஒரு நாள் வருவார். ஒருநாள் அவர் அவள் மேசையருகே நின்று ஒரு சொல்லைக் காட்டிக் காட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“லத்தீனிலை ‘என்’, ‘ஜே’ எண்டு ரெண்டு எழுத்துச் சேர்ந்து வந்தால், சிரிலிக்கிலை எங்கடை ‘ஞ’ மாதிரி ஒரே எழுத்து. ஆனால் ஊசிக்கு இவையள் சொல்லுற ‘இன்யெக்ஸியா’விலை அது ரெண்டும் வேறை வேறை. சும்மா பக்கத்திலை நிக்கினம். கலியாணம் கட்டேல்லை.”

அதையே அவரிடம் ஜெர்மனில் சொன்னாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் வீட்டில் செய்த பிளம்ஸ் ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். நான் அந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. எனக்கு யாரும் ஒரு பேனாகூடத் தந்திருக்கவில்லை.

“இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்கை கண்டுபிடிச்சது? அவர் சொன்னவர், நான் எழுதி வச்சனான்.”

உண்மைதான். நிரலின் அடியில் ஒரு பட்டியல் இருந்தது. விதிக்குள் அடங்காத சொற்கள், அறுபதோ எழுபதோ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சொன்னவரின் பெயர். அந்தப் பெரியவர் பெயர், அச்சகத்துத் தொழிலாளி ஒருவர் பெயர், லோசானில் மருத்துவமனையைச் சுத்தம் செய்யும் ஒரு தமிழம்மாவின் பெயர். சில இடங்களில் ஜெர்மனிலும் சில இடங்களில் தமிழிலும் குறிப்பு. படித்த நிரலாளர் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். விதி என்றால் விதி. விதிக்கு வெளியே அறுபது சொற்களைக் கையில் எழுதி வைப்பதைப் பார்த்து எங்கள் ஊர்க் கல்லூரியில் சிரிப்பார்கள். நானும் மனதுக்குள் சிரித்தேன்.

அவளிடம் குறைகள் இல்லாமலில்லை. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பதால் சொல்கிறேன். ஓர் எழுத்துக்காக ஒரு மருத்துவமனையை ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்தாள். அச்சகத்துக்காரர் தொலைபேசியில் கத்துவது என் மேசைவரை கேட்டது. அவள், “ஓம், விளங்குது, ஆனால் அனுப்பமாட்டன்” என்பதை மரியாதையான ஜெர்மனில் மூன்று முறை சொன்னாள். உடன் வேலைபார்க்கும் பெண்ணின் பிறந்தநாள் அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது, வாழ்த்தைப் படிக்காமல் அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாழ்த்தை எழுதியவள் நான்.

கோடையில் ஒரு சாயங்காலம் அலுவலகத்தார் எல்லோரும் குடும்பத்தோடு ரைன் ஆற்றங்கரையில் கூடினோம். என் கணவர் அவளோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ட்ராமில், “அவங்க தமிழ் கேக்கவே எவ்ளோ நல்லாருக்குல்ல?” என்றார். அவர் என் தமிழைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன ஆச்சு என்று அவர் இரண்டு முறை கேட்டார். தலைவலி என்றேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘கௌ’ என்று எழுதினால் கடைசியில் நிற்பது ‘ள’ மாதிரியே இருக்கும். ஆனால் அது ள இல்லை, ஔகாரத்தின் பாதி உடம்பு. யூனிகோடில் இரண்டுக்கும் வேறு வேறு இடம். பழைய எழுத்துருவிலோ இரண்டும் ஒன்றுதான். ஆகவே பழைய கோப்பில் கொம்பு, ஓர் எழுத்து, ஒரு ள என்று வந்தால் அது ஔகாரமா, உண்மையான ள-வா என்று நிரல்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ள-வின் மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால் ஔகாரம் என்று ஒரு விதி எழுதினேன். ‘வெள்ளை’ தப்பித்தது. ‘வெளியே’ தப்பித்தது. எங்கள் துண்டறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘அசௌகரியம்’ அழகாக மாறியது.

அவள் பட்டியலில் ‘வெளறு’ என்று ஒரு சொல் இருந்தது. முகம் வெளறினால், வெளறிய தோல், இப்படி. முதல் துண்டறிக்கைகளை மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவாராம். அவர் இப்போது உயிரோடில்லை.

“வெளிறுன்னு மாத்திட்டா போச்சு. ஒரு சொல்லுக்காக எதுக்கு விதிவிலக்கு?” என்றேன்.

“ரெண்டும் சரிதானே. அவ எழுதினதை மாத்த எங்களுக்கு ஆர் உரிமை தந்தது?”

அத்தோடு அவள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நான் அந்தப் பட்டியலைப் புதிய நிரலில் சேர்க்கவில்லை. நேரமில்லாததால் இல்லை. மறந்ததாலும் இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் ஊரிலுள்ள அத்தனை பேரும் அவளிடம் வந்து ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துவிட்டுப் போனது போல எனக்குத் தோன்றியது. அது என் நிரலில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

நிரல் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தமிழ்க் கோப்புகள் அத்தனையையும் பழையதிலிருந்து யூனிகோடுக்கு அனுப்பி, அங்கிருந்து மறுபடி பழையதற்குக் கொண்டுவந்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள்.

“வடிவாய் வந்திருக்கு” என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை. பிறகு கேட்டாள்: “பட்டியல் இருக்குத்தானே?”

“இருக்கு.”

“அப்ப சரி.”

சில எழுத்துகள் போகும்போது தப்பாகப் போய், வரும்போது சரியாகத் திரும்பி வந்துவிடும். ‘வெளறினால்’ என்பது போகும் வழியில் ‘வௌறினால்’ ஆகி, திரும்பும் வழியில் பழையபடி ஆகிவிட்டது. அச்சில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பட்டியல் இருக்கிறது என்ற என் சொல்லை அவள் நம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து, எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகத் துண்டறிக்கையைக் கணினியே குரலில் வாசித்துக் காட்டும் ஏற்பாட்டை ஒரு மருத்துவமனையில் முதல்முறையாகச் செய்து காட்டினோம். இருபது தமிழர்கள் வந்திருந்தார்கள். இயக்குநர் முன்வரிசையில். அவளும் நானும் சுவரோரமாக நின்றோம். குழந்தைக்கு ஊசி போட்டபின் கவனிக்க வேண்டியவை என்ற அறிக்கை. குரல் தெளிவாக வாசித்துக்கொண்டே வந்தது.

“ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் குழந்தையின் முகம் வவ்றினால், உடனே தாதியை அழையுங்கள்.”

“என்னண்டு சொல்லுது?” என்றார் ஒரு பெரியவர்.

மறுபடி ஓடவிட்டோம். மறுபடியும் வவ்றினால்.

“வவ்வால் எண்டெல்லோ கேக்குது!” என்றார் அவர். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கும் முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம் தாய் சிரிக்காமல் கேட்டாள்: “இல்லை, முகம் என்னவானால் கூப்பிடோணும்? சொல்லுங்கோவன். நாளைக்கு இவனுக்கு ஊசி இருக்கு.”

அவள் சுவரிலிருந்து நகர்ந்து போய் அந்தத் தாயின் பக்கத்தில் குந்தினாள். “வெளறினால். ரத்தம் வத்தினமாதிரி வெள்ளையாய்ப் போனால். பொறுத்துப் பார்க்கக்கூடாது, உடனை கூப்பிடுங்கோ” என்றாள். அந்தப் பெண் அதைத் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இயக்குநர் எங்கள் இருவரையும் நிறுத்தினார். இது எந்த நிரலிலிருந்து வந்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதையே காரணமாகச் சொல்லலாம். பலநாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்த நொடியில் என் கண்முன் இருந்தது அந்த இளம் தாயின் பக்கத்தில் அவள் குந்தியிருந்த காட்சி. அறையிலிருந்த எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பழைய நிரலின் கோப்பு” என்று ஜெர்மனில் சொன்னேன். வினைச்சொல்லே இல்லாத வாக்கியம். யாரும் முடித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு இயக்குநரிடம், “நான் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னாள்.

பழைய நிரலை எப்படியும் ஒருநாள் நிறுத்தத்தான் போகிறார்கள். அந்தப் பிற்பகல் அதை ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்துவிட்டது. வாரம் நான்கு நாளாக இருந்த அவள் வேலையை இரண்டு நாளாக்கினார்கள். மாத இறுதியில் அவள் விலகல் கடிதம் கொடுத்தாள். நான் தகுதிகாண் காலத்தில் தேறினேன்.

விலகுவதற்கான மூன்று மாத அவகாசத்தில் அவள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. தினம் காலையில் ஒரு நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு பட்டியலை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவாள். நான் புதிய நிரலில் எழுதிக்கொள்வேன். “இது ஏன்?” என்று நான் கேட்க வேண்டும் என்று அவள் காத்திருப்பாள். கேட்டால்தான் அடுத்த சொல்லுக்குப் போவாள். ‘வெளறு’ வந்த நாளில் நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. அடுத்த சொல்லைச் சொன்னாள்.

கடைசி நாளில் செர்பியப் பெரியவர் அழுதார். அவள் அவரிடம் அவருடைய மொழியில் இரண்டு வாக்கியம் பேசினாள். அதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சு பேசும் லோசானில் ஒரு நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பல எழுத்துகளில் இருக்கும் புத்தகப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்றார்கள். ஓர் ஆண்டுக்குள் அவள் பிரெஞ்சிலேயே கூட்டம் நடத்துவதாகவும் கேள்விப்பட்டேன். நான் அப்போதும் ஜெர்மன் வகுப்பில் அதே புத்தகத்தின் இரண்டாம் பாதியில் இருந்தேன்.

ஜன்னலோர மேசை எனக்கு வந்தது. அதிலிருந்து ஆறு தெரியும்.

அவள் போய் ஒன்றரை வருடம் கழித்து, ஆண்டு மதிப்பீட்டுக்காக இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நல்ல விஷயங்களாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், “அந்த மருத்துவமனைச் சம்பவத்தின்போது நீங்கள் புதிதாக வந்தவர், கஷ்டமாக இருந்திருக்கும். நல்லவேளை, அடுத்த நாள் காலையிலேயே அவர் வந்து, தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டார்” என்றார்.

அவள் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“தவறு என்னுடையது. அந்தக் கோப்பை மாற்றியது என் நிரல். நான் பொய் சொன்னேன்” என்றேன். நெற்றி சுருங்காமல் நான் பேசிய முதல் ஜெர்மன் அதுவாகத்தான் இருக்கும்.

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். “இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அனுப்பும் எதையும் இன்னொருவர் பார்த்த பிறகே வெளியே போகும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். அது இன்றும் இருக்கிறது.

அன்று மதியமே ஆற்றங்கரைக்குப் போய் அவளுக்கு அழைத்தேன். எடுத்ததும் என் குரலைத் தெரிந்துகொண்டாள். சுகம் விசாரித்தாள், என் கணவரை விசாரித்தாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“தப்பு உங்களுதுன்னு ஏன் சொன்னீங்க?”

“ஏனெண்டால் என்ரைதான். அந்தச் சொல்லு ஏன் பட்டியலிலை இருக்கெண்டு நான் ஒரு வரி எழுதி வைக்கேல்லை. போனது திரும்பி வந்ததைப் பார்த்திட்டு நானும் சரியெண்டனான். ஒருக்கால் குரலிலை போட்டுக் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை. அப்ப அது ஆரின்ரை பிழை?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் நான் அறிந்து செய்த ஒரு பெரிய தப்பு. அதையும் அவள் தன்னுடையதாக்கி, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறாள்.

“இல்லைங்க. பட்டியல் இருக்கான்னு நீங்க கேட்டீங்க. இருக்குன்னு சொன்னேன். அது பொய். அப்புறம் இயக்குநரம்மா கேட்டப்பவும் பொய் சொன்னேன்.”

அந்தப் பக்கம் லோசான் தெருவில் ஒரு பேருந்து கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஓம்” என்றாள். “அது ரெண்டும் உங்கடை. அதை நான் எடுக்கேலாது.”

“உங்க மேல பொறாமைங்க எனக்கு. அதனாலதான்.”

“என்னிலையோ?” என்றாள். நிஜமாகவே புரியாதவள் போலக் கேட்டாள்.

“கோபம் இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“வராமலோ? அண்டைக்குப் பின்னேரம் ரயிலிலை ஏறினதிலை இருந்து ஒல்டன் வரைக்கும் அழுதுகொண்டு போனனான். முன்னுக்கு இருந்த மனிசி எனக்குத் துடைக்கக் கடதாசி தந்தவ. ஒல்டனிலை இறங்கி மற்ற ரயில் எடுக்கவேணும். இறங்கேக்கை நிண்டிட்டுது.” பிறகு, “சரி, எனக்கு இடைவேளை முடியுது. வைக்கட்டே?” என்றாள்.

பாசலிலிருந்து ஒல்டனுக்கு ரயிலில் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயில் மாறி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்கு இரண்டு வருடமாகியும் முடியவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணிக்குக் கூட்டம் இருந்தது. போகக் கால் வரவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை, அதற்கு முன்னால் அவள்மேல் நான் பட்ட எந்தப் பொறாமையையும்விடப் பெரிதாக இருந்தது.